பதினோராம் லயத்துக்குக் காற்று வந்த வரலாறு

பூரணி கேட்டது ஓர் ஓட்டை. அதுவும் பெரிய ஓட்டை இல்லை. ஒரு முழ நீளம், முக்கால் முழ அகலம். அடுப்புக்கு நேர் மேலே, பக்கச் சுவரில், புகை தன் பாட்டில் வெளியே போகிற அளவுக்கு. அதைப் பற்றி யோசித்து முடிக்கப் பெரியவர்களுக்கு இரண்டு வருஷம் எட்டு மாதம் பிடித்தது. யோசித்து முடித்துவிட்டு அவர்கள் கொடுத்தது வேறொன்று.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் பதினோராம் லயம், முதுகோடு முதுகு ஒட்டிய பழைய இரட்டை லயம். முன்பக்கம் ஆறு காம்பரா வீடு, பின்பக்கம் ஆறு காம்பரா, நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கத்தில் ஒருவர் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து 'நூறு' என்று வாழ்த்து வரும். பூரணிக்குத் தொங்கல் காம்பரா, அதாவது வரிசையின் கடைசி வீடு. முன் திண்ணையான இஸ்தோப்பை அடைத்து அதில் அடுப்பு போட்டிருந்தாள். வீட்டுக்கு ஒரு கதவு உண்டு, ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க வெளியில் நிற்கிற சனத்துக்கு வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்க என்ன இருக்கிறது என்று கட்டிய வெள்ளைக்காரன் நினைத்திருப்பான் போல.

புருஷன் கந்தப்பன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். தீபாவளிக்கும் தேர்தலுக்கும் வருவான். வீட்டில் பூரணியும் மகள் சுலக்ஷனாவும்தான். சுலக்ஷனாவுக்கு எட்டு வயது, தரம் மூன்று, வாய் நிறையப் பேச்சு. ஆனால் அடுப்பு மூட்டியதும் அந்தப் பேச்சு நின்றுவிடும். மழைக்காலத்தில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் விறகு, மிலாறு என்பார்கள். நனைந்த மிலாறு எரிவதை விடப் புகைவதே அதிகம். பிள்ளைக்கு நெஞ்சு விசிலடிக்கும், தோள் ஏறி ஏறி இறங்கும், கண் அம்மாவையே பார்க்கும். அந்தப் பார்வையைத்தான் பூரணியால் தாங்க முடியவில்லை. பெற்ற பிள்ளைக்குச் சோறாக்குவதற்காக அவள் மூச்சை அடைக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்து நினைத்து வெந்துபோவாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மா சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"மருந்து நான் எழுதித் தருவன். புகையை நான் எழுதி நிப்பாட்டேலாது. அடுப்புக்கு மேல ஓர் ஓட்டை போடுங்கோ."

அலவாங்கை, அந்தக் கடப்பாரையை, எடுத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் காம்பரா கம்பனியுடையது, சுவர் கம்பனியுடையது, சுவரில் இல்லாத ஓட்டையும் கம்பனியுடையதுதான். நாலாம் லயத்துச் சின்னத்தம்பி அனுமதி இல்லாமல் ஒரு ஜன்னல் வைத்தார். பதினைந்தாம் நாள் அதைத் தன் கையாலேயே சீமெந்து பூசி அடைத்தார். புது வீட்டுப் பட்டியலில் இருந்த அவர் பெயரும் போனது. பூரணியின் பெயர் அதே பட்டியலில் நாற்பத்திரண்டாவதாக இருந்தது. பட்டியல் பதினோரு வருஷமாக அசையவில்லை என்றாலும், அசையாத பட்டியலில் இருப்பது பட்டியலிலேயே இல்லாததை விட மேல் அல்லவா? அதனால் அனுமதி கேட்டுக் கம்பனிக்குப் பெட்டிசம் எழுதினாள்.

தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்தொரை சிங்களப் பையன், புதிதாக வந்தவர், நல்ல மாதிரி. வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் நின்றபடியே பெட்டிசத்தை வாசித்தார்.

"பூரணி, இந்தச் சுவர் ரோட்டுக்குத் தெரியுது. டூரிஸ்ட் வந்து போட்டோ எடுக்கிறான். பழைய லயம், பாரம்பரியம். ஓட்டை போட்டா பாரம்பரியம் போயிரும், தெரியுமா?"

"ஓட்டை போடலன்னா புள்ள போயிருமுங்க சார்."

சின்னத்தொரைக்கு முகம் வாடிவிட்டது. "சரி, சரி. மேல அனுப்புறேன்," என்றார்.

மேலே போன பெட்டிசம் எங்கெங்கே தங்கியது, யார் யார் அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் எட்டு மாதம் கழித்து, வைகாசி மழை தொடங்கிய வாரத்தில், பதினோராம் லயத்துக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. கதவில் 'இல்லக் காற்றுச் செம்மையாக்கல் அதிகாரசபை' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அப்படி ஒரு சபை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் லயத்துக்குத் தெரிந்தது. காற்றுக்கே ஒரு கந்தோர் இருக்கும்போது நமக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்று லயத்தார் யோசித்தார்கள்.

வேனிலிருந்து இறங்கியவர் இணைப்பாளர் மதுரன். சப்பாத்துக்கு மேல் பொலித்தீன் பை கட்டியிருந்தார். பேச்சு முழுவதும் அச்சடித்த தமிழ். கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர். அதை அடுப்பருகே நீட்டினார். மீட்டர் பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகாமல் நேரே சிவப்புக்குத் தாவி, கீச்சென்று கத்தி, பிறகு அணைந்தே போனது.

"மிகச் சிறப்பு!" என்றார் மதுரன்.

"என்னாங்க சார் சிறப்பு?"

"உங்கள் இல்லக் காற்று நாங்கள் அளந்தவற்றுள் மூன்றாவது இடத்தில் உள்ளது அம்மா. கீழிருந்து. இத்தகைய தரவு கிடைப்பது அரிது."

பூரணி பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் கையைப் பிசைந்தாள். பிறகு சுவரைக் காட்டினாள். "இந்த எடத்துல ஒரு ஓட்டை போட உத்தரவு குடுத்தீங்கன்னா போதுமுங்க சார்."

மதுரன் பொறுமையாக விளக்கினார். "அம்மா, இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்று எங்கள் சபைக்குரியது. சுவர் தோட்ட நிர்வாகத்துக்குரியது. புகை சுவரைத் தாண்டி வெளியே போய்விட்டால் அது சுற்றாடல் திணைக்களத்துக்குரியது. நீங்கள் கேட்கும் ஓட்டை வழியாக எங்கள் காற்று அவர்களிடம் போய்விடும். ஒரு நிறுவனம் தன் பொறுப்பை இன்னொரு நிறுவனத்தின் மேல் ஊதித் தள்ளுவது முறையல்ல. ஆகவே காற்றை உள்ளேயே வைத்துச் செம்மையாக்குவதுதான் எங்கள் கொள்கை."

"அப்ப புகை?"

"அதுவும் காற்றின் ஒரு பகுதிதான் அம்மா."

அடுத்த மாதம் ஒரு லொறியில் ஏசி வந்து இறங்கியது.

அன்றைக்கு மலையில் முழங்கால் தெரியாத பனிமூட்டம். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் மழைக்குக் கட்டும் சாக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியபடி திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டியின் மேல் பாலைவனத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கிற படம் இருந்தது. பூரணி கொழும்புக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னபோது கந்தப்பன் முதலில் நம்பவில்லை.

"ஏசியா? இங்க மொதலாளி வீட்லதான் இருக்கு. நான் அடுப்படியில கெடந்து வேகுறேன், நீ அங்க ஏசியில படுத்திருக்கப் போறியா? குடுத்து வச்சவதான்."

"வேணுமுன்னா நீங்க வாங்க, நான் அங்க வந்து வேகுறேன்," என்று பூரணி டெலிபோனை வைத்தாள்.

மாட்ட வந்தவர் அம்ஹர். ஹட்டனில் ஃபிரிஜ் திருத்தும் கடை வைத்திருப்பவர். சபைக்கு ஒப்பந்தத்தில் வேலை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கம்பளிக்குள் இருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த சுலக்ஷனாவைப் பார்த்தார்.

"அக்கா, நான் செல்றன்னு கோவிக்க வேணாம். இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இரிக்கேன். மலைக்கு மேல ஏசி மாட்டுறது இதான் மொத தடவ."

"எனக்கும் இதான் மொத தடவை தம்பி. என்னா செய்யிறது, மாட்டுங்க."

ஏசிக்கு இரண்டு பெட்டி. ஒன்று உள்ளே குளிர் ஊதும். மற்றது வீட்டுச் சூட்டை வெளியே கக்கும். வெளிப்பெட்டியை மாட்ட நல்ல இடம் பூரணியின் பக்கச் சுவர்தான். அம்ஹர் துளைக்கும் மெஷினைக் கையில் எடுத்தார். எங்கிருந்தோ சின்னத்தொரை ஓடி வந்தார். அந்தச் சுவரில் கை வைக்க முடியாது, பாரம்பரியம்! மதுரன் கையேட்டைப் புரட்டினார். 'வெளி அலகு, உள் அலகு இருக்கும் சுவரின் மறுபுறத்தில் பொருத்தப்படல் வேண்டும்' என்று போட்டிருந்தது. பக்கச் சுவர் ஆகாது என்றால் இரண்டு பெட்டிக்கும் பின்சுவர்தான். பின்சுவரைத் துளைக்க அனுமதி வேண்டுமா என்று சின்னத்தொரையைக் கேட்டார். சின்னத்தொரை கம்பனிச் சட்டத்தைப் பார்த்தார். அதில் வெளிச்சுவர் பற்றித்தான் இருந்தது, நடுச்சுவர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துளைக்கலாம் என்றார்.

"மாத்தயா," என்றார் அம்ஹர், "இந்தச் சுவருக்கு மறுபக்கம் வெளி இல்லையே. அங்க ஒரு வீடு இரிக்கி."

"கையேட்டில் 'மறுபுறம்' என்றுதான் இருக்கிறது. 'வெளிப்புறம்' என்று இல்லை," என்றார் மதுரன்.

அப்படியாகத்தான் பூரணியின் ஏசியில் குளிர் பெட்டி பூரணி வீட்டிலும், சூட்டுப் பெட்டி பின்வீட்டுப் பழனியாண்டியின் கட்டிலுக்கு மேலேயும் வந்து உட்கார்ந்தன. பழனியாண்டி மருந்தடிக்கிற வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். "என் வீட்டுக்குள்ள எவன்டா லொறி இஞ்சினைக் கொண்டாந்து மாட்டுனது?" என்று லயமே அதிரக் கத்தினார். மனைவி லெட்சுமிதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அதோடு வேலை முடியவில்லை. குளிரூட்டிய வீட்டில் இடுக்கு இருக்கக் கூடாதாம். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து ஓடியது. இத்தனை வருஷமாகக் கொஞ்சப் புகை யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து மஞ்சள் நுரை அடித்து அடைத்தார்கள். கதவைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டினார்கள். பூரணி தடுத்துப் பார்த்தாள். "சார், அதையும் அடைச்சா நாங்க எங்கங்க சார் போவோம்?" என்றாள். 'பயனாளி நெகிழ்ச்சியடைந்தார்' என்று மதுரன் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டால் மெஷின் ஓடவில்லை. சபையின் உத்தரவுப்படி அது இருபத்துநாலு டிகிரியில் பூட்டப்பட்டிருந்தது. வீட்டுக்குள் சூடு பதினைந்து. குளிர வைக்க எதுவும் இல்லாததால் மெஷின் சும்மா இருந்தது. அந்த இடத்தில் மூளை இருந்தது அதற்கு மட்டும்தான்.

பூரணி சந்தோஷப்பட்டு அப்படியே விட்டிருப்பாள். ஆனால் மூன்றாம் நாள் மதுரன் டெலிபோனில் வந்தார். இயங்காத மெஷின் அறிக்கையில் சிவப்பாகத் தெரிகிறதாம். அவரிடம் ஒரு கேள்விப் பட்டியல் இருந்தது.

"ஜன்னல்கள் சாத்தப்பட்டுள்ளனவா?"

"ஜன்னலே இல்லைங்க சார்."

"நல்லது. அறையில் நேரடி வெயில் விழுகிறதா?"

"இங்க ரோட்டுலயே வெயில் விழலைங்க."

"நல்லது. அப்படியானால் அறை போதிய அளவு சூடாகவில்லை. அடுப்பை மூட்டி, கதவைச் சாத்தி, இருபத்துநாலு டிகிரி வரும்வரை காத்திருக்கவும்."

"சார், புகையை எடுக்கத்தானேங்க இந்த மெசினு?"

"ஆம் அம்மா. அதற்கு முதலில் புகை தேவைப்படுகிறது."

பூரணி சுலக்ஷனாவைப் பின்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். ஒரு மணி நேரத்தில் மெஷின் கர்ர் என்று உயிர் பெற்றது. இரண்டாம் நாளே அதன் வடிகட்டி தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. அம்ஹர் வந்து கழற்றிக் காட்டினார். மதுரன் அதைப் படம் பிடித்து மேலே அனுப்பினார். 'எவ்வளவு மாசைப் பிடித்திருக்கிறது பாருங்கள்' என்று மேலிடம் மகிழ்ந்து, சூடு வரும்வரை காத்திருக்கும் சிரமம் ஒழிய மெஷினைப் பதினாறு டிகிரியில் பூட்டச் சொன்னது. ரிமோட்டைக் கந்தோரிலேயே வைத்துக்கொண்டார்கள். கரண்டுக்குச் சபை பொறுப்பு. இனி அடுப்புச் சூடு கொஞ்சம் ஏறினாலும் மெஷின் ஓடும்.

அது ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வது? பூரணியின் வீட்டில் மெஷினுக்குள் பனிக்கட்டி பிடித்தது. அது உருகிச் சொட்டியது. சொட்டிய இடத்தில் அவள் ஒரு வாளியை வைத்தாள். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல் படங்கு என்று மலைக்குப் போகிற கோலத்திலேயே வீட்டுக்குள் சமைத்தாள். புகையும் போகவில்லை. முன்பு சூடான புகை. இப்போது குளிர்ந்த புகை. அவ்வளவுதான் செம்மை.

பின்வீட்டில் நடந்தது வேறு கதை. பழனியாண்டியின் கட்டிலுக்கு மேலே சித்திரை மாதத்துக் கொழும்பு மாதிரி வெப்பக் காற்று வீசியது. மழை தொடங்கியதிலிருந்து ஈரம் காயாத சட்டை இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. லெட்சுமி கொடி கட்டினாள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடச் சட்டை வந்தது, அதற்கு மறுநாள் கைப்பிள்ளைத் துணி, பிறகு கோயில் திரைச்சீலை. பழனியாண்டி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து வரிசையை ஒழுங்குபடுத்தினார். தொழிற்சங்கத் தலைவருக்குக் கூட வைக்காத சலாமை லயம் அவருக்கு வைத்தது. அந்த விசிறி ஊதிய ஊதலில் அவர் அடுப்பின் புகையெல்லாம், அவர் வீட்டில் யாரும் அடைக்காத கூரைச் சந்து வழியாகப் பறந்துபோனது. முழுத் தோட்டத்திலும் அதுபோல் ஒரு வீடு இல்லை.

"தங்கச்சி," என்று பழனியாண்டி சுவரைத் தட்டுவார், "அடுப்பை அணைச்சிட்டியாம்மா? இங்க காத்து நின்னுருச்சு. துணி பாதியில கெடக்கு."

பூரணி சுலக்ஷனாவை அங்கேயே படுக்க வைத்தாள். சூட்டிலும் நல்ல காற்றிலும் பிள்ளைக்கு இழுப்பு குறைந்தது. பூரணிக்கு நிம்மதிதான். ஆனால் பெற்றவள் சுவருக்கு இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம். குழாய் போன துளை வழியாக, "அம்மா, சாப்பிட்டியா? அம்மா, லெட்சுமி பெரியம்மா வீட்ல டீவி பாக்குறேன்," என்று குரல் வரும். பூரணி துளையில் வாயை வைத்துப் பதில் சொல்லிவிட்டு, தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுவாள். தன் வீட்டில் தன் பிள்ளை இருக்க முடியவில்லையே என்ற அழுகை அது.

மெஷினைக் கழற்றச் சொல்லி முறைப்பாட்டு இலக்கத்துக்கு எடுத்தாள். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள்; சிங்களத்தில் ஒரு பெண் பேசினாள். தெரிந்த சிங்களத்தில், வீடு குளிர்கிறது என்று சொன்னாள். 'சாதனம் நன்கு குளிரூட்டுகிறது எனப் பயனாளி அறிவித்தார்' என்று பதிந்து முறைப்பாட்டை முடித்தார்கள். மறுபடியும் எடுத்து, தண்ணீர் சொட்டுகிறது என்றாள். 'ஈரப்பதத்தை வெற்றிகரமாக அகற்றுகிறது.' மூன்றாம் முறை எடுத்து, பிள்ளை பின்வீட்டில்தான் நன்றாக மூச்சு விடுகிறது, அந்த வீட்டை வந்து அளந்து பாருங்கள் என்றாள். அதற்கு மதுரனே பதில் சொன்னார்.

"அந்த வீடு பயனாளிப் பட்டியலில் இல்லை அம்மா. பட்டியலில் இல்லாத வீட்டில் காற்று நன்றாக இருந்தாலும் எங்களால் அதை ஏற்க முடியாது."

மூன்று முறைப்பாடும் சேர்ந்து மூன்று பாராட்டாக மேலே போயின. அதன் பலனாக, வெள்ளைப்பாறைப் பதினோராம் லயம் 'நாட்டின் முதலாவது தூய காற்று லயம்' என்று தெரிவானது. சபையின் தலைமைப் பதவியில் இருக்கும் தவிசாளரே கொழும்பிலிருந்து வருவதாகக் கடிதம் வந்தது.

விழாவுக்கு வாழை கட்டினார்கள், குத்துவிளக்கு வைத்தார்கள், மேளம் வந்தது. மழையும் வந்தது. தவிசாளர் சிவந்த, பருத்த, நல்ல சிரிப்புள்ள மனிதர். சிங்களத்தில் பேசினார், மதுரன் தமிழில் சொன்னார்.

"நான் முப்பது வருஷம் துறைமுகத்தில் இருந்தேன். காற்றைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் இந்தப் பதவியை ஏற்ற முதல் நாளே ஒன்றைப் புரிந்துகொண்டேன். காற்று கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததைக் கொடுத்தால் சனம் நம்பாது, மேலிடமும் நம்பாது. அதனால்தான் சுவரில் மாட்டித் தெரிகிற மாதிரி எதையாவது கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். சிலர் ஓட்டை கேட்கிறார்கள். ஓட்டையை எப்படித் திறந்து வைப்பது? நாடாவை எங்கே கட்டுவது? பெயர்ப்பலகையை எதில் பதிப்பது?"

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாவிட்டால் பேச்சு நீளும் என்று லயத்துக்கு அனுபவம் இருந்தது.

பிறகு படம் பிடிக்க உள்ளே போனார்கள். தவிசாளர், மதுரன், சின்னத்தொரை, கமராக்காரர் ஒருவர். பூரணி வழக்கம்போல் சமைக்க வேண்டும், தவிசாளர் பக்கத்தில் நின்று தூய காற்றைச் சுவாசிக்க வேண்டும். அதுதான் படம்.

"சார், கதவைத் தெறந்து வச்சிக்கிட்டாவது மூட்டுறேங்க," என்றாள் பூரணி. "மிலாறு பூரா ஈரம்."

"கதவு திறந்திருந்தால் அளவு செல்லாது," என்றார் மதுரன். மீட்டரைக் கையில் பிடித்தபடி கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே நின்ற சனத்துக்கு, உள்ளிருந்து சொல்லும்வரை யாரும் கதவைத் தொடக் கூடாது என்று முன்பே கட்டளை.

பூரணி அடுப்பை ஊதினாள். மிலாறு தன் சுபாவத்தைக் காட்டியது. முதல் நிமிஷம் தவிசாளர் புன்னகைத்தார். இரண்டாம் நிமிஷம் கண்ணைத் துடைத்தபடி புன்னகைத்தார். மூன்றாம் நிமிஷம் கமராக்காரருக்குத் தவிசாளர் தெரியவில்லை. மீட்டர் கீச்சென்று கத்திவிட்டுச் செத்தது. யாரோ கதவை இழுத்தார்கள். மழையில் ஊதிய பலகையும் புது ரப்பரும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன, அசையவில்லை. உள்ளே நாலு பெரிய மனிதர்கள் இருமிய இருமலைக் கேட்டு, பேச்சு நன்றாகப் போகிறது என்று நினைத்து வெளியே மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார்.

"உஸ்ம! உஸ்ம!" என்று தவிசாளர் சிங்களத்தில் மூச்சுக்காக அலறினார்.

பூரணி தரையோடு குனிந்து உட்கார்ந்திருந்தாள். புகைக்குள் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியும். கை நீட்டி அவர் காற்சட்டையைப் பிடித்து, "கீழ குந்துங்க மாத்தயா!" என்று இழுத்தாள். அவர் குந்தவில்லை. பெரிய பதவியில் இருப்பவர்களுக்குக் குந்திப் பழக்கம் இருக்காது. அவர் கை சுவரைத் தடவியது, மூலையில் சாத்தியிருந்த அலவாங்கு அகப்பட்டது. துறைமுகத்தில் முப்பது வருஷம் இருந்த உடம்பு. அடுப்புக்கு நேர் மேலே, பக்கச் சுவரில், ஓங்கி ஒரு குத்து.

"சேர்! சுவர்! பர்மிஷன் இல்ல!" என்று புகைக்குள்ளிருந்து சின்னத்தொரையின் குரல் வந்தது.

இரண்டாம் குத்து, மூன்றாம் குத்து. ஈரம் குடித்து உளுத்திருந்த பாரம்பரியம் நாலாம் குத்தில் பொலபொலவென்று வெளியே விழுந்தது. ஓட்டை வழியாக முதலில் புகை வந்தது, அப்புறம் தவிசாளரின் தலை வந்தது. அவர் இரண்டு மூச்சு இழுத்து முடிப்பதற்குள் அவரைத் தள்ளிக்கொண்டு மதுரனின் தலை, அதற்குப் பிறகு பாரம்பரியத்தின் காவலரான சின்னத்தொரையின் தலை. ரோட்டில் போன டூரிஸ்டுகள் வேனை நிறுத்திப் படம் பிடித்தார்கள்.

ஐந்து நிமிஷத்தில் வீட்டில் புகை இல்லை. மெஷினைப் பார்த்துக்கொள்ள விழாவுக்கு வந்திருந்த அம்ஹர் கதவை நெம்பித் திறந்தபோது மிலாறு எரிந்துகொண்டுதான் இருந்தது. புகை கயிறு பிடித்த மாதிரி நேரே ஓட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. பூரணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாக மனசில் பார்த்த ஓட்டை. கேட்டதை விட இரண்டு மடங்கு பெரிது.

சபையின் அறிக்கை அடுத்த வாரம் வந்தது. 'தவிசாளர் அவர்கள் தமது திருக்கரங்களால் காற்றுவழியைத் திறந்து வைத்தார்' என்று எழுதியிருந்தது. சுவரில் ஓட்டை உள்ள வீடு குளிரூட்டத் தகுதி இழக்கும் என்று அதே அறிக்கையின் கீழே இருந்ததால் ஏசியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பழனியாண்டியின் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஈரத் துணியோடு வரிசையில் நின்றவர்கள் வேன் போகிற திசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். சுலக்ஷனா தன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுப்பு எரிகிற நேரத்தில், அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து, பின்வீட்டில் பார்த்த நாடகத்தின் கதையை மூச்சு விடாமல் சொன்னாள். பூரணி ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பத்தாம் நாள் தோட்டக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வெளிச்சுவர் அனுமதியின்றி உடைக்கப்பட்டிருக்கிறது. பதினான்கு நாளுக்குள் குடியிருப்பவர் அதைப் பழையபடி அடைக்க வேண்டும். தவறினால் புது வீட்டுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். உடைத்தவர் யார் என்பது பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. சின்னத்தம்பி சீமெந்து பூசிக்கொண்டு நின்ற கோலம் பூரணியின் கண் முன்னே வந்தது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஹட்டனில் அம்ஹர் கடைக்கு ஓடினாள்.

அம்ஹர் கடிதத்தை ஒருமுறை வாசித்தார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த சட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றுமுறை வாசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"அக்கா, ஏழாவது சட்டம் என்னா செல்லுது தெரியுமா? 'எழுத்து மூல அனுமதி இல்லாமல் எவரும் வெளிச்சுவரில் துவாரம் இடவோ, பெருப்பிக்கவோ, அடைக்கவோ கூடாது.' அடைக்கவும் கூடாது! நீங்க பெட்டிசம் ஒண்டு போடுங்க. பெட்டிசம் மேல இரிக்கிற வரைக்கும் உங்க பேர்ல யாரும் கை வைக்க ஏலா."

இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதினார்கள். மறுநாள் காலைப் பெரட்டில் பூரணி அதைச் சின்னத்தொரையிடம் நீட்டினாள். ஓட்டையை அடைக்கத் தயவுகூர்ந்து அனுமதி தர வேண்டும். சுவர் பாரம்பரியமானது என்பதால் சம்பந்தப்பட்ட சகல திணைக்களங்களும் நேரில் வந்து, அளந்து, கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

சின்னத்தொரை வாசித்தார். அந்த ஓட்டையில் தன் தலையும் இருந்ததை நினைத்தாரோ என்னவோ, காதோரம் சிவந்தது.

"பூரணி, இது மேல போகணுமே. எவ்வளவு நாள் ஆகும்னு சொல்ல ஏலாது."

"போகட்டுமுங்க சார்," என்றாள் பூரணி, கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டே. "நல்லா ஆற அமர யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க. ஒரு ஓட்டை போடவே ரெண்டு வருசம் எட்டு மாசம் யோசிச்சாங்க. அடைக்கிறது அதை விடப் பெரிய வேலையில்லீங்களா?"